பானை வரைக்கும்

மாதாபட்டியில் அந்த ரீங்காரம் முதன்முதலாகக் கேட்டது, திருவிழாக் கொடி ஏறியிருக்க வேண்டிய நாளன்று இருட்டிய பிறகு. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா மாவாட்டுகிறாள் என்றுதான் பிரிஜித்தா முதலில் நினைத்தாள், ஆனால் கிரைண்டர் ஒரே இடத்தில் நின்று கத்தும், இதுவோ தெருமுனையில் தொடங்கி, வாசலுக்கு வாசல் நின்று, இது யார் வீடு, இது யார் வீடு என்று விசாரித்துக்கொண்டே வருவதுபோல வந்து, கடைசியில் அவள் வீட்டுப் படியேறி, காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த கதவு வழியாக உள்ளே நுழைந்தது. சுண்டைக்காய் அளவில் ஓர் ஈயக் குண்டு. ஆள் நெஞ்சு உயரத்தில், கல்யாண வீட்டில் தெரிந்த முகம் தேடுகிறவரைப்போல நிதானமாகக் கூடத்தைச் சுற்றி, அடுக்களைக்குள் போய், ரவை டப்பாவின் மூடியை ஒருமுறை மோந்து, திரும்பி வந்து, எட்டு மாதக் குழந்தை ரோசலின் படுத்திருந்த தொட்டிலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்று முனகியது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் தனிஸ்லாஸ் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"அட, காலையில நான் சுட்டதுல்ல இது! இப்பத்தான் வந்து சேருது" என்றவர், "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார்.

ரோசலின் குண்டைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தாள், சிரித்த களைப்பில் தூங்கியும் போனாள். அவள் தூங்கியதும் குண்டு, வந்த வேலை முடிந்தது என்பதுபோலத் தொட்டில் துணியில் பொத்தென்று விழுந்து, உருண்டு, குழந்தையின் கழுத்தோரம் படுத்துக்கொண்டது. பிரிஜித்தா பதறி எடுத்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. விடிவதற்குள் அவர் சுட்ட மற்ற ஐந்து குண்டுகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

சிறுமலை அடிவாரத்தில் இருக்கிற அந்த ஊரில் திருவிழா வெடியோடு தொடங்காது, மணியோடும் தொடங்காது. மாதா கோயில் மைதானத்தின் கிழக்குக் கோடியில் கம்பம் நட்டு, அதன் தலையில் புதுப் பானையை உட்கார வைத்து, மேற்குக் கோடியில் நின்று பங்கைச் சேர்ந்த ஒருவர் அதைச் சுட்டு உடைத்தால்தான் கொடி ஏறும், கொடி ஏறினால்தான் தேர் நகரும், தேர் நகர்ந்தால்தான் ராட்டினக்காரன் ராட்டினத்தைச் சுற்றுவான். அதற்கென்று இருந்த பழைய துப்பாக்கியைத் தேர்தலுக்குத் தேர்தல் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ஒப்படைத்து வாங்கியதில், கடைசித் தேர்தலுக்குப் பிறகு பிடியும் துருவுமாகத்தான் திரும்பி வந்தது. டெக்சாஸில் இருக்கும் அமலதாஸ், பிறந்த ஊர்ப் பாசத்தில், அந்தக் காலத்து அமெரிக்க ரிவால்வர் ஒன்றின் அச்சு அசலான நகலை வாங்கி அனுப்பினார். அசலே கிழவன், நகல் புதுசு. கருமருந்தை அளந்து போட்டு, மேலே குண்டை வைத்து நெம்புகோலால் அழுத்தி, ஆறு அறையையும் கையாலேயே நிரப்ப வேண்டிய ரகம். ஒருமுறை நிரப்பிவிட்டால் குண்டை வெளியே எடுக்கச் சுலபமான வழி சுடுவது ஒன்றுதான்.

யார் சுடுவது என்று பங்குப் பேரவை கூடியபோது, தலைவர் சவரிராயன் — தாசில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர், கையெழுத்துப் போடாத விரல்கள் அரிக்கின்றன என்று எல்லாக் குழுவிலும் சேர்பவர் — கண்ணாடிக் கடை வைத்திருந்த தனிஸ்லாஸைக் கைகாட்டினார். "ஊர்க் கண்ணையெல்லாம் அளக்குறவரு. அவரை விட்டா யாரு?"

அமலதாஸ் போனில் சொன்னார்: "மருந்து கொஞ்சமாப் போடு மாப்ளே, மிச்ச இடத்தை ரவையால நிரப்பு. அப்பத்தான் குண்டு வாய்க்குப் பக்கத்துல உட்காரும். இங்க எல்லாரும் அப்படித்தான்." தனிஸ்லாஸ் அடுக்களைக்குப் போய்க் கைக்கு வந்த டப்பாவைத் திறந்தார். அது ரோசலினின் டப்பா. பிரிஜித்தா நெய்விட்டுப் பொன்னிறமாக வறுத்து, ஏலக்காய் தட்டிப்போட்டு, குழந்தையின் கஞ்சிக்கென்று தனியாக வைத்திருந்த ரவை. அந்த வாசனையைச் சுவாசித்துக்கொண்டு இரும்புக்குள் உட்கார்ந்திருந்த ஆறு குண்டுகளும் வெளியே வந்ததும் பானையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பானை உடையாததால் கொடி ஏறவில்லை. திருவிழா அடுத்த ஞாயிறுக்கும், பிறகு அதற்கடுத்த ஞாயிறுக்கும் தள்ளிப்போனது. ராட்டினம் அசையாமல் நின்றது. மிட்டாய்க் கடைக்காரர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே துவைத்து, வோட்டர் லிஸ்ட்டில் பேர் சேர்க்க முடியுமா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். குண்டுகளுக்கோ ஊர் ஒரே வாரத்தில் பழகிவிட்டது. ஞாயிறுதோறும் இரண்டாம் பூசைக்குப் பிறகு தனிஸ்லாஸ் மறுபடி சுட, ஆறு குண்டும் கிளம்பி, சந்துபொந்தெல்லாம் நுழைந்து, பொழுதுசாயப் பிரிஜித்தா வீட்டுக்கு வந்து சேரும்வரை, அவை எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் ஆசீர்வாதம் என்று ஆனது. பையன்கள் பொன்வண்டுக்குக் கட்டுவதுபோல நூல் கட்டினார்கள். பெண் பார்க்க வந்த வீட்டில் குண்டு ஒரு சுற்று சுற்றியதால் நகையில் ஐந்து பவுனைக் குறைத்துக்கொண்டார்கள். வார்டு கவுன்சிலர், 'குண்டு பறக்கும் பகுதி, மெதுவாகச் செல்லவும்' என்று தன் படத்தோடு பலகை வைத்தார். சவரிராயன் பூசை முடிவில் மைக்கைப் பிடித்து, "மாதா பேரால சுட்ட குண்டு. அது வர்ற நேரத்துல எந்த வீட்டுலயும் கதவை அடைக்கக் கூடாது. தாழ்ப்பாள் போடுறது அதைவிட மோசம்" என்று அறிவித்தார். அன்று முதல் மாதாபட்டியில் தாழ்ப்பாள் போட்ட வீடு என்றால், அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள் என்று அர்த்தம்.

"உனக்கு என்னடி குறை" என்றாள் ஸ்டெல்லா அக்கா. "எல்லார் வீட்டுக்கும் எட்டிப் பார்த்துட்டுப் போகுது. உன் வீட்டுலதான் தங்குது."

"பயமா இருக்குக்கா."

"பயப்படுறதுக்கு என்ன இருக்கு? நடக்குற வேகத்துலதான வருது."

அதுதான் தனிஸ்லாஸுக்கு அவமானமாக இருந்தது. கடைக்கு வந்தவர்கள் எழுத்துப் பலகை முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஏன் சார், உங்க கண்ணை யார்ட்ட காட்டுறீங்க?" என்று கேட்டார்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள் திருப்பி வாங்கிப் போனார்கள். டீக்கடையில் யாராவது வழி கேட்டால், "தனிஸ்லாஸ் குண்டு பின்னாடியே போங்க, ஊரையே சுத்திப் பார்த்துரலாம்" என்றார்கள். அப்படியாகத்தான் சவரிராயன் தலைமையில் ஆறு பேர் கொண்ட இலக்கு மேம்பாட்டுக் குழு அமைக்கப்பட்டது. அதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பும் செய்யப்பட்டது.

குழு மும்முரமாக வேலை செய்தது. நகலின் குழல் நுனியில் இருக்கிற முன்குறி கட்டையாக இருப்பதால்தான் குண்டு மேலே போகிறது என்று அமலதாஸ் வீடியோவில் காட்ட, உயரமான குறி ஒன்றைப் பற்றவைத்து, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவினார்கள். அந்த ஞாயிறு குண்டுகள் சந்துகளுக்குள் நுழையாமல் மெயின் ரோட்டோடு வந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கே தொட்டிலுக்கு மேல் நின்றன. பிறகு குண்டுகளைத் தட்டான் தராசில் நிறுத்து, எடை ஒத்தவற்றை மட்டும் எடுத்தார்கள். தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் உருக்கி அறைகளின் வாயில் பூசினார்கள். குண்டுகள் கோயில் வாசல் வழியாக நேரே தெருவுக்குள் திரும்பி, தனிஸ்லாஸ் கையைக் கழுவுவதற்குள் வந்துவிட்டன. இப்போது அவற்றின் சத்தம் ரீங்காரமாக இல்லை, சீட்டியாக இருந்தது.

பிரிஜித்தா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிலக்கோட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். திங்கட்கிழமை மதியம் பஸ்ஸோடு பஸ்ஸாக ஆறும் வந்து சேர்ந்தன. கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை என்று அவளுடைய தம்பி பெருமையாகச் சொன்னான். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

ஆறு அறைகளின் வாயும் குழலைவிடச் சிறுத்திருப்பதைக் கண்டுபிடித்து, லேத் பட்டறையில் கொடுத்துச் சீராகக் கடைந்து வாங்கிய வாரம், சோதனைக்கு ஒரே ஒரு குண்டுதான் சுட்டார்கள்; அது வருவதை யாரும் பார்க்கவில்லை. கொசுவலையில் ஓட்டையைத்தான் பார்த்தார்கள். குண்டு, தொட்டில் தொங்கிய கம்பில் பாதிவரை இறங்கியிருந்தது. ரோசலின் அந்த நேரத்தில் மூத்திரம் போயிருந்ததால் அம்மா அவளைத் தூக்கியிருந்தாள்.

தனிஸ்லாஸ் வலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். "பாத்தியா பிரிஜி, எவ்வளவு வட்டமா இருக்கு! ஓரத்துல ஒரு நூலு பிரியலை." குழுவினர் வந்து ஓட்டையை அளந்தார்கள். எல்லோருக்கும் காபி கொடுக்கச் சொன்னார்கள்.

அவள் மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டு நல்ல மனுஷர், குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

"குண்டு யாரு மேல பட்டுச்சும்மா?"

"இன்னும் படலைங்க."

"பட்டாத்தான கேஸு? இப்ப நான் என்னன்னு எழுதுவேன்? பறந்துச்சுன்னா? காக்காயும்தான் பறக்குது."

"கொசுவலையில ஓட்டைங்க."

"கொசுவலைக்கெல்லாம் செக்‌ஷன் இல்லம்மா. படட்டும். பட்டவுடனே வாங்க, நைட்டுன்னாலும் பரவால்ல, நானே எழுதித் தர்றேன்."

பங்குச் சாமியார், பயம் விசுவாசக் குறைவு என்றார்; பிறகு, தன் அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

கான்வென்டில் படித்த காலத்தில் கணக்கு சிஸ்டர் கரும்பலகையில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார். இரண்டு புள்ளிக்கு நடுவே நேர்கோடுதான் குட்டையான வழி என்று அவர் அதட்டிச் சொன்னது அவளுக்கு இப்போது விளங்கியது. சுடுகிற இடத்துக்கு நேர் எதிரே பானை, பானைக்கு நேர் பின்னால் கோயில் வாசல், வாசலுக்கு நேர் எதிரே அவள் வீட்டுக் கதவு, கதவுக்கு நேர் உள்ளே தொட்டில். குழு ஒவ்வொரு வாரமும் பானைக்கும் குண்டு போன தடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து கைதட்டிக்கொண்டிருந்தது. கோணல் நிமிர நிமிர, பிள்ளைக்கும் குண்டுக்கும் நடுவே இருந்த ஊர் முழுவதும் விலகிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் ரோசலினைக் காப்பாற்றியது அவள் அப்பாவின் கோணல் குறிதான்.

ஒரு சனிக்கிழமை அவள் டப்பாவில் இருந்த வறுத்த ரவையை எடுத்துவிட்டு, கடையில் வாங்கிய பச்சை ரவையைக் கொட்டி வைத்தாள். ஞாயிறன்று ஆறு குண்டுகளும் அதே மூட்டையில் ரவை வாங்குகிற பஸ் ஸ்டாண்ட் ஓட்டலைத் தேடிப் போய், உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து, ஆறு தட்டுகளில் விழுந்தன. குண்டு ரவையைத் தின்றவர்களைத்தான் தேடுகிறது என்று அவளுக்கு அன்றைக்கு நிச்சயமாகத் தெரிந்தது. குழுவுக்குத் தெரிந்ததெல்லாம் குறி கெட்டுப்போனது என்பதுதான். விசாரணை நடத்தி, ரவை மாறியதைக் கண்டுபிடித்து, சால்வையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"உன் கைப்பக்குவம் இல்லாம குறி நிக்க மாட்டேங்குதும்மா" என்று சவரிராயன் சால்வையைப் போர்த்தினார். "அடுத்த ஞாயிறு பானை உடையுறது உறுதி. ஒரு படி ரவை, நெய் விட்டு, உன் கையாலயே வறுத்துக் குடுத்துரு. ஊரே உன்னை மறக்காது."

"அய்யா, பானை உடைஞ்சதுக்கப்புறம் குண்டு எங்க போகும்?"

சவரிராயன் தனிஸ்லாஸைப் பார்த்தார். தனிஸ்லாஸ் தரையைப் பார்த்தார். குழுவின் செயலாளர் குறிப்பு நோட்டைப் புரட்டினார்.

"நல்ல கேள்வி" என்றார் சவரிராயன். "ஆனா எங்க பொறுப்பு பானை வரைக்கும்தாம்மா. அதுக்கு அங்கிட்டு வேற குழு போடணும்."

"தொட்டில்ல என் பிள்ளை இருக்கா."

"கதவைத் தொறந்தே வையி. ஆசீர்வாதம் வர்ற வழியை மறிக்கப்படாது."

அவர்கள் போன பிறகு அவள் கணவரிடம் கேட்டாள். "நீங்க சொல்லுங்க. எங்க போகும்?"

"ஊருக்கு முன்னாடி இன்னொரு தடவை தப்புனா கடையை மூடணும் பிரிஜி" என்றார் தனிஸ்லாஸ். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார். "நான் பானையைத்தான் பாக்குறேன். வேற எதையும் பாக்கலை." அது உண்மை என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிறு விடியுமுன் அவள் பெரிய வாணலியை ஏற்றினாள். ஒரு படி ரவையையும் ஒன்றாகக் கொட்டி, நெய் விட்டு, தீயை அடக்கி, அடிபிடிக்காமல் வறுத்தாள்; வாசனை தெரு முழுக்கப் போய் எல்லோரையும் எழுப்பியது. ஒரு கைப்பிடியை டப்பாவில் போட்டுத் தனிஸ்லாஸிடம் கொடுத்தாள். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். மிச்சம் அத்தனையிலும் சர்க்கரை போட்டு, முந்திரி போட்டு, கேசரியாகக் கிண்டி, திருவிழாப் பலகாரம் என்று சொல்லி வீட்டுக்கு வீடு ஒரு கரண்டி கொடுத்துக்கொண்டே போனாள். சாமியாருக்கும் ஒரு கிண்ணம், ஸ்டேஷனுக்கு ஒரு தூக்குவாளி. குழுவின் ஆறு பேரும் கோயில் ஆபீஸில் உட்கார்ந்து இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். சர்க்கரை வியாதி உள்ள தனிஸ்லாஸ் மட்டும் தொடவில்லை. அவர் மைதானத்தில் ஆறு அறைகளையும் நிரப்பி முடித்திருந்தார்.

பூசை முடிந்து ஊரே மைதானத்தில் கூடியபோது, ராட்டினக்காரன் கைப்பிடியில் கைவைத்துத் தயாராக நின்றபோது, பிரிஜித்தா ரோசலினை இடுப்பில் வைத்துக்கொண்டு சவரிராயன் பக்கத்தில் போய் நின்றாள்.

"கேசரி நல்லா இருந்துச்சாங்கய்யா?"

"பிரமாதம்மா. வாய்ல போட்டதும் கரையுது."

"ரோசலின் டப்பா ரவைதாங்க. துப்பாக்கியில இருக்கிறதும் அதேதான். ஒரே வாணலி."

சவரிராயன் சிரித்தபடியே இருந்தார், சிரிப்பு மட்டும் எங்கோ நின்றுபோனது. ஓட்டல் உப்புமா அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நாக்கால் கடைவாய்ப் பல்லைத் துழாவினார்.

"தெருவுக்கே குடுத்தேங்க" என்றாள் அவள், கொஞ்சம் உரக்க. "இனி குண்டு எல்லார் வீட்டுக்கும் வரும். எட்டிப் பாத்துட்டுப் போகாது. தங்கும்."

"அடிப் பாவி, ரெண்டு கரண்டி வாங்கினேனேடி நான்!" என்றாள் ஸ்டெல்லா அக்கா.

முதலில் சாமியார் திருப்பலிப் பாத்திரங்களைப் பூட்ட மறந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே போனார். ஏட்டு, ஸ்டேஷனிலிருந்து போன் என்று காதில் செல்லை வைத்துக்கொண்டு நடந்தார், செல் ஒலிக்கவேயில்லை. செயலாளருக்கு வயிறு சரியில்லை. சவரிராயன் நடந்துதான் போனார், ஆனால் எழுபது வயதுக்காரர் அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை, அவரையும் முந்திக்கொண்டு ஸ்டெல்லா அக்கா ஓடினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மைதானம் வடிந்துபோனது. அப்புறம் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது, கோயிலைச் சுற்றி நான்கு தெருவிலும், ஒன்றன்பின் ஒன்றாக, துருப்பிடித்த இரும்பு துருப்பிடித்த இரும்பில் இறங்குகிற சத்தம்.

தனிஸ்லாஸ் மட்டும் மேற்குக் கோடியில் கையை நீட்டியபடி நின்றார். குறி அப்பழுக்கில்லாமல் பானையின் நடு வயிற்றில் நின்றது. இத்தனை வாரத்தில் அவர் கை இவ்வளவு நிலையாக இருந்ததே இல்லை.

"பாக்க ஆளே இல்லியே" என்றார். "பிரிஜி, நீயாவது பாரு. இப்ப உடைக்கிறேன். தப்பவே தப்பாது."

"தெரியும்" என்றாள் அவள். "தப்பாது."

அவர் ஒற்றைக் கண்ணை மூடினார். திறந்தார். குழலின் நுனி இம்மியளவு இறங்கியது.

"பாப்பா சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

குழந்தை பிறந்ததிலிருந்து அவர் அதைக் கேட்டதில்லை.

"சாப்பிட்டா. கிண்ணத்தை வழிச்சுக் குடுத்தேன்."

அவர் பிறகு கையை இறக்கி, மைதானத்தின் குறுக்கே நடந்துபோய், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எம்பி, நிரப்பிய ரிவால்வரைப் பூனைக்குட்டியை வைப்பதுபோல மெதுவாகப் பானைக்குள் வைத்தார். பானைக்குள்ளிருந்து ஆறு தொண்டைகளின் முனகல் கேட்டது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவள் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டார். குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளில் கைவைத்தாள். இத்தனை வாரம் போடாததால் அது இறுகிக் கிடந்தது.

"மெதுவா பிரிஜி" என்று தனிஸ்லாஸ் கிசுகிசுத்தார். "சத்தம் கேட்டா ஊரு என்ன சொல்லும்?"

தெருவில் கேட்பதற்கு ஒரு ஆள் இல்லை. அவள் தோளைக் கதவில் முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் ஓங்கித் தள்ளினாள்; தாழ்ப்பாள் கிறீச்சிட்டு நகர்ந்து கடைசிவரை போய் விழுந்தது.